நாற்பதில் ஒன்று குறையாமல்

பதினேழாம் நம்பரைக் காணோம்.

சவுரிமுத்து பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு, கண்ணாடித் தொட்டிக்குள் மறுபடியும் தலையை விட்டார். பதினாறு இருந்தது. பதினெட்டு காரட் துண்டின் மேல் ஏறி நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது. பதினேழு மட்டும் இல்லை.

"பேபி! ஏ பேபி! பதினேழைப் பாத்தியா?"

சமையலறையிலிருந்து பேபி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "எனக்கும் அதுக்கும் இன்னா பேச்சுவார்த்தை? என்கிட்ட சொல்லிக்கினா போவும்?"

"வெளாடாதே. நேத்து காலைல நாப்பதும் இருந்துச்சு. ஒவ்வொண்ணா டிக் போட்டிருக்கேன்."

"எலைக்கு அடியில தூங்கினு இருக்கும். மொதல்ல நீங்க பல்லு வெளக்குங்க."

காலை ஆறு மணிக்குப் பல்கூட விளக்காமல் ஒரு மனிதர் பூச்சி எண்ணுகிறாரே என்று நீங்கள் சிரிக்கலாம். அந்தப் பூச்சியில்தான் அவருடைய பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

தாம்பரத்தில் ஒரு கல்லூரி. அதில் விலங்கியல் ஆய்வுக்கூடம். அங்கே சவுரிமுத்து அட்டெண்டர். அட்டெண்டர் என்றால் தற்காலிக அட்டெண்டர். ஒன்பது வருஷமாகத் தற்காலிகம்! ஜாடி கழுவுவது, தவளை பிடிப்பது, எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்டுவது என்று அவர் செய்யாத வேலை அங்கே கிடையாது. நிரந்தர அட்டெண்டராக இருந்த சம்பந்தம் அந்த 1988-ஆம் வருஷம் மார்ச்சில் ஓய்வு பெற்றார். இடம் காலியானது. அந்த இடத்துக்குச் சிபாரிசோடு ஏழு பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சவுரிமுத்துவுக்குச் சிபாரிசு செய்ய ஒரே ஒருவர்தான் உண்டு. அவர்தான் பேராசிரியை தபீதாள்.

ஏப்ரல் கடைசியில் மேடம் அவரைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். உள்ளே நாற்பது உருண்டைப் பூச்சிகள். தோட்டத்தில் செங்கல்லைப் புரட்டினால் ஓடுமே, தொட்டால் சுருண்டு மிளகு மாதிரி ஆகிவிடுமே, அதேதான். ஆனால் இவை மேடம் வளர்க்கும் பூச்சிகள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் வெள்ளை எனாமலில் ஒன்று முதல் நாற்பது வரை பொடியாக நம்பர் போட்டிருந்தது.

"சவுரிமுத்து, இது மூணு தலைமுறைக் குடும்பம். இதுங்க ஒவ்வொண்ணுக்கும் அப்பா அம்மா யாருன்னு எனக்குத் தெரியும். நான் ஆறு வாரம் கொச்சிக்குப் போறேன், ட்ரெயினிங். லீவுல காலேஜ் பூட்டிடுவாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துக்குவீங்களா?"

"பாத்துக்கறேன் மேடம். இன்னா சாப்பிடும்?"

"காஞ்ச வாதாம் மர இலை எப்பவும் இருக்கணும். ரெண்டு நாளைக்கு ஒரு துண்டு காரட், இல்லைன்னா வெள்ளரிக்காய். சுண்ணாம்புச் சத்துக்குக் கடல் நுரை, அதான் கணவாய் மீன் ஓடு, ஒரு துண்டு போட்டு வைங்க. மண்ணு ஒரு பக்கம் ஈரமா இருக்கணும், ஒரு பக்கம் காஞ்சு இருக்கணும். தினம் காலைல ஒவ்வொரு நம்பரையும் பாத்து நோட்டுல எழுதுங்க. நம்பர் இருந்தா டிக். இல்லைன்னா 'இல்லை'. வெளிப்பூச்சி மட்டும் ஒண்ணுகூடக் கலந்துடக் கூடாது. கலந்தா என் மூணு வருஷ வேலை அவ்வளவுதான்."

"நம்பர் எதுக்கு மேடம்?"

"வந்து சொல்றேன். முன்னாடியே சொன்னா, கண்ணால பாக்காமலே எழுதிடுவீங்க. சம்பந்தம் அப்படித்தான் ஒரு வருஷ நோட்டை வீட்டுல உக்காந்தே எழுதினார்." மேடம் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "திரும்பி வந்த அன்னிக்கே பிரின்சிபாலுக்கு லெட்டர் குடுக்கணும். 'ஒப்படைத்த நாற்பது உயிரில் ஒன்று குறையாமல் திருப்பித் தந்தார்'னு எழுதுவேன். அந்த ஒரு வரி போதும், அந்த இடம் உங்களுக்குத்தான்."

ஆகவே, பதினேழு காணாமல் போனது என்றால் சும்மா பதினேழு காணாமல் போகவில்லை. ஒன்பது வருஷம் காணாமல் போகிறது என்று அர்த்தம்.

சவுரிமுத்து ஒவ்வொரு இலையாகப் புரட்டினார். மூன்றாவது இலைக்கு அடியில் பதினேழு கிடந்தது. கிடந்தது என்றால் பாதி கிடந்தது. நம்பரோடு கூடிய பின்பாதி மட்டும் வெறும் ஓடாகக் கிடக்க, முன்பாதியைக் காணோம். பக்கத்திலேயே நம்பரில்லாத ஒரு பூச்சி நின்றுகொண்டிருந்தது. அதன் முன்பாதி கறுப்பு. பின்பாதி வெளுத்துப்போய் இருந்தது. இப்படி ஒரு ரகத்தை அவர் ஆய்வுக்கூடத்தில் பார்த்ததே இல்லை.

"அடப்பாவி! பேபி, கொலை நடந்து போச்சு! வெளியூர்க்காரன் ஒருத்தன் உள்ள பூந்து பதினேழைப் பாதி துன்னுட்டான்!"

பேபி வந்து பார்த்தாள். "அய்யோ, பாவமே. இம்மாத்தூண்டு இருந்துகினு அதையா முழுங்குச்சு?"

"பாரு, துன்னுட்டு எப்படி நிக்குது பாரு." சவுரிமுத்து அதை இரண்டு விரலால் எடுத்துத் தரையில் விட்டுச் செருப்பைக் கழற்றினார்.

பேபி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுடுங்க, சாவடிக்காதீங்க. அதுவும் வவுத்துக்குத்தானே துன்னுச்சு? எங்கனா போய்ப் பொழைச்சுக்கட்டும்."

சவுரிமுத்து முறைத்தார். ஆனால் பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் பேபியின் பேச்சைத் தட்டி அவர் எந்தப் பூச்சியையும் கொன்றதில்லை. கொல்லைப்புறம் போய், ஆளுயரச் சுவருக்கு மேலே எக்கி, "ஒழிஞ்சு போ!" என்று அந்தப் பக்கம் எறிந்தார். அவர்கள் அனகாபுத்தூர் இரண்டாவது தெருவில் அந்த வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சுவருக்கு அப்பால் ஏதோ பச்சையாகத் தெரியும். புதர் மண்டிய காலிமனை என்று அவர்களுக்கு நினைப்பு.

பதினேழின் மிச்சத்தைப் பேபி ஒரு பழைய பவுடர் டப்பாவில் பஞ்சு வைத்து அதன்மேல் கிடத்தினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். நோட்டில் சவுரிமுத்து, 'மே 9. 17 இல்லை. பாதி உடம்பு கிடைத்தது' என்று எழுதினார்.

இரண்டு நாள் கழித்து நான்கும் முப்பத்தொன்றும் போயின. அதே மாதிரி பாதி உடம்பு. அதே மாதிரி பக்கத்தில் வெளுத்த பின்பக்கத்தோடு இரண்டு அந்நியர்கள். அவையும் சுவருக்கு அப்பால் போய்ச் சேர்ந்தன.

"எப்பிடி உள்ள வருது? அதைக் கண்டுபுடிக்கணும்," என்றார் சவுரிமுத்து.

முதலில் தொட்டியை ஒரு ஸ்டூல்மேல் வைத்தார். ஸ்டூலின் நாலு காலுக்கும் நாலு கொட்டாங்கச்சியில் தண்ணீர் வைத்தார். மறுநாள் பேபி அரிசி களைந்த தண்ணீரோடு அந்த வழியாக வந்து, கொட்டாங்கச்சியில் கால் வைத்து, ஸ்டூலையும் பிடித்துக்கொண்டு சறுக்கினாள். தொட்டி கவிழவில்லை. பேபியின் முழங்கைதான் வீங்கியது. அன்றைக்கும் இரண்டு கொலை.

பிறகு கொசுவலையைக் கத்தரித்துத் தொட்டியின் வாயைக் கட்டினார். அது பேபியின் அம்மா வீட்டுச் சீர். அதற்காக ஒரு நாள் முழுக்க அவருக்குச் சோறு மௌனமாகவே பரிமாறப்பட்டது. வலைக்குள்ளேயும் அந்நியன் வந்து நின்றான்.

"பசியிலதான் ஒண்ணை ஒண்ணு துன்னுது," என்று அடுத்த முடிவுக்கு வந்தார். "நல்லாப் போட்டா ஏன் துன்னப் போவுது?"

அன்றிலிருந்து தொட்டிக்குள் கல்யாணச் சாப்பாடு. காரட் ஒரு துண்டு என்பது மூன்று துண்டானது. வெள்ளரிக்காய், பரங்கிக்காய், கடல் நுரை ஒரு கை நிறைய. சத்துக்காகக் கருவாட்டுத் தூளும் தூவினார். பூச்சிகள் நன்றாகத் தின்றன. பளபளவென்று பெருத்தன. கொலைகளும் பெருத்தன! முன்பு இரண்டு நாளைக்கு ஒரு தடவை என்று போனது, இப்போது தினம் இரண்டு என்று போக ஆரம்பித்தது. கருவாட்டு வாசனைக்குத் தெருவில் இருந்த மூன்று பூனைகள் ஜன்னலில் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன.

பூனைக்குப் பயந்து தொட்டியைச் சமையலறைக்குள், அடுப்புக்கு மேலே இருந்த பலகைக்கு ஏற்றினார். அங்கே கதகதவென்று சூடு. மறுநாள் காலை பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரே நாளில் ஐந்து போயிருந்தது.

"இதுக்கு ஒரு தவளையைக் குடுத்திருந்தா, ஒண்ணுன்னாலும் பாத்துக்கினு இருந்திருப்பேன். நாப்பதையும் குடுத்து என்னை ஏன் இந்தப் பாடு படுத்துது அந்தம்மா?" என்று அழாத குறையாகச் சொன்னார்.

"அவுங்க நம்பித்தானே குடுத்தாங்க," என்றாள் பேபி. பவுடர் டப்பாவில் பஞ்சு போதாமல் தலையணையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் முதல் வாரம் முடிந்தபோது எட்டும் இருபத்திரண்டும்தான் பாக்கி. முப்பத்தெட்டு பேர் டப்பாவில். நோட்டு முழுக்க 'இல்லை, இல்லை' என்று எழுதியிருந்தது. அன்றைக்குப் பார்த்துக் கொச்சியிலிருந்து இன்லண்டு லெட்டர் வந்தது. 'அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் இறங்கி, நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பிரின்சிபாலுக்கான கடிதத்தை டைப் அடித்தே வைத்துவிட்டேன். பிள்ளைகள் சௌக்கியமா?' என்று கேட்டிருந்தார் மேடம்.

சவுரிமுத்து லெட்டரை மடித்தார். பிரித்தார். மடித்தார்.

"நேராச் சொல்லிடுங்க," என்றாள் பேபி.

"இன்னான்னு சொல்றது? ஒம்போது வருஷம் ஜாடி கழுவினவனுக்கு ஆறு வாரம் பூச்சி பாத்துக்கத் தெரியலைன்னா? வெளியில ஏழு பேரு காத்துகினு கிறான். வேற நாப்பதைப் புடிச்சு நம்பர் போட்டு வெச்சிடறேன். பூச்சி மூஞ்சிய யாரு அடையாளம் வெச்சிருக்காங்க?"

பேபிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு, லெட்டரை வாங்கிப் பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பிடிப்பது அவ்வளவு லேசா? கோயில் வளாகத்தில் ஒரு செங்கல் பாக்கியில்லாமல் புரட்டினார். அடையாற்றங்கரையில் மத்தியான வெயிலில் குனிந்து குனிந்து தேடினார். அந்தக் கோடையில் மண் வெடித்துக் கிடந்தது. ஒரு மரவட்டைகூட இல்லை. "இன்னாப்பா, மோதிரம் தொலைச்சுட்டியா?" என்று துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். ஆமாம் என்றதற்கு அவர்களும் சேர்ந்து ஒரு மணி நேரம் தேடிக் கொடுத்தார்கள்.

கடைசியில் பேபிதான் மண்ணெண்ணெய் வரிசையிலிருந்து செய்தி கொண்டுவந்தாள். "மூணாவது தெருவுல ரத்தினபாய் அக்கான்னு, தறிக்காரர் வூடு. அவுங்க குரோட்டன்ஸ் தொட்டியில உருண்டைப் பூச்சி நெறைய கீதாம். பேஜாராப் போச்சுன்னு பொலம்பினு இருந்தாங்க."

சவுரிமுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினார். அனகாபுத்தூர்ச் சந்துகளைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கத்துத் தெருவுக்குப் போக நாலு திருப்பம் திரும்ப வேண்டும், எந்தத் திசையிலிருந்து வந்தோம் என்பது இரண்டாவது திருப்பத்திலேயே மறந்துவிடும். விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்குப் பின்னால், சுவர் நிழலில் வரிசையாகப் பன்னிரண்டு தொட்டிகள். தினம் காலையில் தண்ணீர் ஊற்றி, ஈரமும் இலைச் சருகுமாக இருந்தன. அவர் தலையைத் தூக்கிச் சுவரைக்கூடப் பார்க்கவில்லை. நேராக மண்டியிட்டுவிட்டார்.

ரத்தினபாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கட்டையான உருவம், கணீரென்ற குரல். "எட்த்துக்கப்பா, புண்ணியமாப் போவும். ஒண்ணு வுடாத எட்த்துகினு போ. எங்கேருந்து வருதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். மருந்துக்கா இதெல்லாம்?"

"அந்த மாதிரிதான்க்கா," என்று மழுப்பிக்கொண்டே, சவுரிமுத்து வாய்விட்டு எண்ணியபடி பொறுக்கினார். "முப்பத்தாறு... முப்பத்தேழு... முப்பத்தெட்டு!"

சரியாக முப்பத்தெட்டு. கூட ஒன்று இருக்கட்டுமே என்று ஒரு தொட்டியைக் கவிழ்த்தே பார்த்தார். முப்பத்தொன்பதாவது கிடைக்கவில்லை. கேட்ட கணக்குக் குறையாமல் கொடுத்த அந்தோணியாருக்கு மனசுக்குள் ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நம்பர் போடுகிற வேலை ஆரம்பமானது. சைக்கிள் கடையில் கெஞ்சி வாங்கிய வெள்ளை எனாமல். பேபியின் தையல் ஊசி. ஊசியைக் கொண்டுபோனால் பூச்சி சுருண்டுகொள்ளும். விரிகிற வரைக்கும் காத்திருந்தால் எனாமல் காய்ந்துவிடும். சவுரிமுத்து போட்ட முதல் நம்பர் அவருடைய கட்டைவிரலில் விழுந்தது.

"குடுங்க இப்பிடி," என்று பேபி ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் ஜாக்கெட்டுக்குக் கண்ணாடி தைக்கிற கை. பூச்சியைக் காரட்மேல் விட்டு, அது தின்ன ஆரம்பித்ததும் சட்டென்று எழுதினாள்.

"ஆறா, ஒம்போதா அது?"

"நேராப் பாத்தா ஆறு."

"பூச்சி நேரா நிக்குமா? கீழ ஒரு கோடு போடு."

சாயங்காலம் முப்பத்தெட்டும் முடிந்தது. பேபியின் கையெழுத்தில் நம்பர்கள் மேடத்தின் நம்பர்களைவிட அழகாக இருந்தன. புது நோட்டு ஒன்று வாங்கி, சவுரிமுத்து ஆறு வாரத்துக்கும் ஒரே உட்காரலில் டிக் போட்டார். போடப் போட அவருக்கே தன்மேல் ஒரு வெறுப்பு வந்தது. சம்பந்தத்தைப் பற்றி மேடம் சொல்லிச் சிரித்தது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. சவுரிமுத்து பழைய நோட்டைக் கிழித்து அடுப்பில் போடச் சொன்னார். பேபி சரி என்று வாங்கி, பவுடர் டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. ஆறு மணிக்குச் சவுரிமுத்து கடைசியாக ஒரு தடவை எண்ணினார். எட்டாம் நம்பரைக் காணோம்! இலைக்கு அடியில் பாதி எட்டு. பக்கத்திலேயே வெளுத்த பின்பக்கத்தோடு அந்த அந்நியன்.

"இன்னிக்குத்தானாடா உனக்கு நாள் கெடைச்சுது? ஒழிஞ்சு போ!" என்று அலறிக்கொண்டு போய் அதைச் சுவருக்கு மேல் வீசினார். அப்பால் ஏதோ தண்ணீர்ச் சொம்பு விழுகிற சத்தமும், ஒரு பெண்குரல் "ஐயே!" என்றதும் கேட்டன. அவர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. இன்னொரு பூச்சிக்கு எங்கே போவது?

எட்டு மணிக்குத் தபீதாள் மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். பேபிக்குக் கொச்சியிலிருந்து நேந்திரங்காய் வறுவல். சவுரிமுத்துவுக்கு ஒரு சட்டைத் துணி. கைப்பையிலிருந்து ஒரு நீளமான கவரை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, லென்ஸோடு தொட்டிமுன் உட்கார்ந்தார்.

ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு நிமிஷம் போயிற்று. மேடத்தின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

"முப்பத்தொன்பதுதான் இருக்கு. அது போகட்டும். எல்லாத்துலயும் நம்பர் இருக்கே?"

"இருக்குங்க மேடம். பத்திரமாப் பாத்துக்கினேன்." புது நோட்டை நீட்டினார்.

மேடம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "தினமும் நாப்பது டிக். ஆறு வாரத்துல ஒரு 'இல்லை'கூட இல்லை. இது நடக்கவே நடக்காது, சவுரிமுத்து. நீங்களுமா?"

அந்த 'நீங்களுமா' சவுரிமுத்துவின் நெஞ்சில் போய்த் தைத்தது. நின்ற இடத்திலேயே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேடம், பொய் மேடம். எல்லாம் பொய். ஒங்க பூச்சிங்க ஒண்ணு தவிர எல்லாம் செத்துப் போச்சு. வெளியிலேருந்து ஒரு ரகம் வந்து ஒவ்வொண்ணா பாதி துன்னுச்சு. என்னால தடுக்க முடியல. இது வேற எடத்துல புடிச்சது. நம்பர் நாங்க போட்டது. வேலை இல்லைன்னாலும் பரவாயில்ல, என்னை மன்னிச்சிருங்க."

பேபி உள்ளே போய்ப் பழைய நோட்டையும் பவுடர் டப்பாவையும் கொண்டுவந்து மேடத்தின் மடியில் வைத்தாள். "அடக்கம் பண்ண மனசு வரலம்மா," என்றாள்.

மேடம் டப்பாவைத் திறந்தார். பஞ்சின் மேல் வரிசையாக முப்பத்தொன்பது பாதி உடல்கள், நம்பரோடு. லென்ஸை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய நோட்டைத் திறந்து தேதிகளைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"இது பொணம் இல்லம்மா, சட்டை! பாம்பு சட்டை உரிக்கும் இல்ல? அந்த மாதிரி. ஆனா இது முதல்ல பின்பாதியை மட்டும் உரிக்கும். ரெண்டு நாள் கழிச்சுத்தான் முன்பாதி. நம்பர் பழைய சட்டையோட போயிடும். நம்ம ஊர் வெயில்ல எத்தனை நாளைக்கு ஒரு தடவை உரிக்குதுன்னு பாக்கத்தான் நம்பரே போட்டேன். நல்லாத் தின்னா, சூடா இருந்தா, சீக்கிரம் உரிக்கும். நீங்க எழுதின ஒவ்வொரு 'இல்லை'யும் எனக்குத் தங்கம், சவுரிமுத்து!"

சவுரிமுத்துவுக்குப் பாதிதான் புரிந்தது. "அப்போ பதினேழு பக்கத்துல நின்னுகினு இருந்துச்சே, பின்னால வெளுத்துப் போய், அந்தக் கொலைகாரன்?"

"புதுச் சட்டை முதல்ல வெளுப்பாத்தான் இருக்கும். அதுதான் பதினேழு." மேடத்தின் சிரிப்பு சட்டென்று நின்றது. "அதை என்ன பண்ணீங்க?"

"சுவத்துக்கு அந்தாண்ட எறிஞ்சுட்டேன் மேடம். எல்லாத்தையும்."

மேடம் மேஜைமேல் இருந்த கவரை எடுத்தார். திரும்பத் திரும்ப அதையே பார்த்தார்.

"நோட்டு எனக்குக் கிடைச்சாச்சு. சந்தோஷம்தான். ஆனா அந்தக் குடும்பம் போச்சு. இது எங்கேயோ பிடிச்சது. இந்த லெட்டர்ல, ஒப்படைத்த நாற்பது உயிரில் ஒன்று குறையாமல்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். பொய் நோட்டுக்கு உங்களைக் கோச்சுக்கிட்டு, பொய் லெட்டரை நான் எப்படிக் குடுப்பேன்? இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பிரின்சிபாலுக்கு லெட்டர் போயாகணும். என்ன எழுதறதுன்னு தெரியல."

"நெசத்தை எழுதுங்க மேடம்," என்றார் சவுரிமுத்து. சொல்லி முடித்ததும் அவருக்கு வினோதமாக மனசு லேசானது. பேபி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். மேடம் கவரைக் கிழிக்க ஓரத்தைப் பிடித்தார்.

அப்போது வாசல் கதவு படாரென்று திறந்தது. மூச்சிரைக்க ரத்தினபாய் உள்ளே வந்தாள். தலை நனைந்திருந்தது. இரண்டாவது தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கதவைத் தட்டிவிட்டு வந்திருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. வலது கையில் ஒரு டம்ளர். அதன் வாயை இடது உள்ளங்கையால் மூடியிருந்தாள். சவுரிமுத்துவைப் பார்த்ததும் அவள் கண் விரிந்தது. பிறகு திறந்திருந்த கொல்லைக் கதவு வழியாகச் சுவரையும், சுவருக்கு மேலே எட்டிப் பார்த்த தன் குரோட்டன்ஸ் இலைகளையும் பார்த்தாள்.

டம்ளரை மேடத்தின் முன்னால் டொக்கென்று வைத்தாள். உள்ளே ஒரே ஒரு பூச்சி. முன்பாதி கறுப்பு, பின்பாதி வெளுப்பு.

"நீங்களே கேளுங்கம்மா இந்த அநியாயத்தை! சல்லடையில சலிச்ச மண்ணு, என் தொட்டியில இதுக்கு முந்தி ஒரு பூச்சி கெடையாது. ஒரு மாசமா தெனம் காலைல சுவத்து மேலேருந்து கொட்டினவரும் இவர்தான், போன வாரம் மருந்துக்குன்னு வந்து அந்த முப்பத்தெட்டையும் ஒண்ணு வுடாம எண்ணிப் பொறுக்கிகினு போனவரும் இவர்தான், இந்தாங்க, இன்னிக்கு என் தலையில போட்டது!"